பங்காளி என்று யார் சொன்னது?

கேள்வி: ஆஸ்திரேலியா தன் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சீனாவுக்கே அனுப்புகிறதாம். இரும்புத்தாதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அங்கேதான் போகிறதாம். ஒரே வர்த்தகப் பங்காளியை இப்படி நம்பியிருப்பது ஆபத்து இல்லையா? மகன் பெர்த்தில் வேலை பார்க்கிறான், அதனால் கேட்கிறேன்.
– வாசகர், பாகான் செராய்

பதில்: ஐயா, ஆபத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் 'பங்காளி'யைக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வையுங்கள். நம் மலேசியச் செய்தி வாசிப்பவர்களும் நாளிதழ்க்காரர்களும் 'பார்ட்னர்' என்று எதைப் பார்த்தாலும் பங்காளி என்று எழுதிவிட்டுத் தே தாரேக் குடிக்கப் போய்விடுகிறார்கள். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இதைப் பற்றி ஒரு நாளிதழுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அடுத்த வாரமே 'சீனா நமது மிகப் பெரிய வர்த்தகப் பங்காளி' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு வந்தது. என்னைச் சீண்டத்தான் போட்டார்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

பங்காளி யார்? ஒரே தாத்தாவின் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறவன். அவன் வீட்டில் சாவு விழுந்தால் உங்களுக்கும் தீட்டு. அவன் வீட்டில் பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. குலசாமிக்குச் சேர்ந்து பொங்கல் வைக்கலாம், இல்லாவிட்டால் வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். எனக்கும் ஒருத்தர் இருக்கிறார், சித்தப்பா மகன், இங்கே சுங்கை சிப்புட்டில் அடுத்த வீடு. நடுவில் ஓடும் கால்வாயில் விழுந்த ரம்புத்தான் யாருடையது என்பதில் தொடங்கி 1998 முதல் எங்களுக்குள் பேச்சு இல்லை. அவருக்கு நான் ஒரு வெள்ளிக்குக்கூட எதையும் விற்றதில்லை, அவரிடம் வாங்கியதும் இல்லை. இதைப் போய் வர்த்தகம் என்பீர்களா?

கொடுத்து வாங்குகிற உறவுக்குத் தமிழில் தனிப்பெயரே இருக்கிறது: கொண்டான் கொடுத்தான். சம்பந்தி. அந்த உறவில்தான் மொய் உண்டு, சீர் உண்டு, சீர் குறைந்ததென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது உண்டு. சீனாவும் ஆஸ்திரேலியாவும் நடத்தியது அப்படியே சம்பந்திச் சண்டை. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியா, கொரோனா எங்கிருந்து வந்தது என்று தனி விசாரணை வேண்டும் என்றது. கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாத கேள்வி அது. மே மாதமே பார்லிக்கு 80.5 விழுக்காடு வரி விழுந்தது. அப்புறம் ஒயினுக்கு 218 விழுக்காடு வரைக்கும் போனது. சிங்கி இறால் விமான நிலையத்திலேயே கிடந்தது. நிலக்கரிக் கப்பல்கள் சீனத் துறைமுகங்களுக்கு வெளியே மாதக்கணக்கில் நின்றன. அதில் இந்திய மாலுமிகளும் கரை இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள், பாவம், சம்பந்திச் சண்டையில் சமையல்காரன் மாட்டிக்கொண்ட கதை.

ஆனால் ஒரு பொருளின் மேல் மட்டும் கை வைக்கவில்லை, கவனித்தீர்களா? இரும்புத்தாது. சீனா இறக்குமதி செய்யும் தாதில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. பிரேசிலில் 2019 ஜனவரியில் சுரங்கக் கழிவணை உடைந்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்ததற்குப் பிறகு அங்கிருந்து வரும் சரக்கும் குறைந்திருந்தது. ஆக, ஒரு பக்கம் 'உன் ஒயின் வேண்டாம், உன் பார்லி வேண்டாம்' என்று கோபம், இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியாவின் தாதுத் துறைமுகமான போர்ட் ஹெட்லண்டில் வரிசையாகக் கப்பல் ஏற்றம். 2021 மே மாதம் தாது டன்னுக்கு 230 அமெரிக்க டாலரைத் தாண்டியது. சண்டை போட்ட சம்பந்தி மற்ற எல்லாச் சீரையும் திருப்பி அனுப்பிவிட்டு அரிசி மூட்டையை மட்டும் கூடுதல் விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். பார்லியும் நிலக்கரியும் வேறு ஊர்களில் ஆள் பிடித்துக்கொண்டன. ஒயின்காரர்கள்தான் உண்மையிலேயே அடி வாங்கினார்கள்.

அதனால் உங்கள் 'மூன்றில் ஒரு பங்கு' கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. யார் யாரிடம் எவ்வளவு விற்கிறார் என்பதை விட, இவரை விட்டால் அவருக்கு வேறு யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் 2020இல் ஆஸ்திரேலியா தப்பித்தது. ஆனால் 'நம்மை விட்டால் அவர்களுக்கு யார்?' என்று விற்கிறவன் நினைக்க ஆரம்பிக்கிற நாள் இருக்கிறதே, அதைப் பற்றி நம் ஊர் ரப்பர் மரங்களைக் கேட்டால் சொல்லும்.

பக்கத்திலேயே கோலகங்சாரில், 1877இல் நட்டது என்று சொல்லி ஒரு ரப்பர் மரத்துக்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்திருக்கிறேன், காற்சட்டைக் காலத்தில். எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார், திரும்பும்போது ஒட்டுப்பால் வாடை வாசலுக்கு முன்னாலேயே வந்துவிடும், சோற்றுத் தட்டில்கூட அந்த வாடை இருக்கும். சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னலில் தோட்டத்துக் கணக்கரான கிராணி, 'இந்த மாசம் விலை எறங்கிடுச்சு' என்று இரண்டு நோட்டைக் குறைத்து நீட்டுவார். கடையில் 555 நோட்டில் எழுதிய கடன் மட்டும் இறங்கவே இறங்காது. 'யாருங்கய்யா அந்த வெல வைக்கிறது?' என்று அம்மா ஒருநாள் கேட்டதற்குக் கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'டயர் செய்றவன்' என்றார். எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்கு அது ஒரு ஆளின் பெயர் போலவே இருந்தது. தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை என்றால் டயர் செய்றவனைத்தான் திட்டுவோம்.

அந்த டயர் செய்கிறவர், பெரும்பாலும் அமெரிக்கர், ஒரு காலத்தில் உலக ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கினார். முதல் உலகப் போருக்குப் பிறகு விலை விழுந்தபோது 1922இல் பிரிட்டிஷ்காரர்கள் ஸ்டீவன்சன் திட்டம் என்று கொண்டுவந்து மலாயாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் போகும் ரப்பரை அளந்து அளந்து விட்டார்கள். அமெரிக்கனுக்கு வேறு வழி ஏது என்ற நினைப்புத்தான். 1925இல் விலை ஒரு பவுண்டு எடைக்கு ஒரு டாலரைத் தாண்டியதும் துரைமார் கிளப்பில் கொண்டாட்டம் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். அமெரிக்கர் கத்தினார்கள், ஆனால் கத்தியதோடு நிற்கவில்லை. பழைய டயரிலிருந்து மறுபடி ரப்பர் எடுத்தார்கள். ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் 99 வருடக் குத்தகை எழுதினார். ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள் சொந்தமாகத் தோட்டமே போடப் போனார் (அது உருப்படவில்லை, அது வேறு கதை). திட்டத்தில் சேராத டச்சுக்காரரின் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) சின்னச் சின்ன விவசாயிகள் எல்லாம் கன்று நட்டுவிட்டார்கள். 1928இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அடுத்த வருடம் உலகமே சரிந்தது, ரப்பர் அடிமாட்டு விலைக்குப் போனது, நம் ஆட்களைப் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் மதராஸுக்கும் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கப்பலில் போனவர்களில் யாரும் ஸ்டீவன்சன் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் காலத்துக் கதையும் ஒன்று, சுருக்கமாக. 2019இல் ஐ.நா. சபையில் அப்போதைய நம் பிரதமர் மகாதீர் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். அப்போது நம் செம்பனை எண்ணெயை, அதாவது பாமாயிலை, அதிகம் வாங்கியது இந்தியா. 2020 ஜனவரியில் டெல்லி சுத்திகரித்த எண்ணெய்க்குக் கட்டுப்பாடு போட்டது. பதிலடி கொடுக்கும் அளவுக்கு நாம் பெரிய நாடு இல்லை என்றார் மகாதீர். 1981இல் 'பிரிட்டிஷ் சரக்கைக் கடைசியாக வாங்கு' என்று மார் தட்டியவரும் இவர்தான். வாங்குகிற இடத்தில் இருக்கும்போது குரல் எப்போதும் கணீரென்றுதான் இருக்கும்.

சரி, பெர்த். உங்கள் மகனின் கம்பெனி இரும்புத்தாது சம்பந்தப்பட்டதென்றால், சீனாவின் கோபத்தைப் பற்றிக் கவலைப்படச் சொல்லாதீர்கள். கோபப்படுகிற சம்பந்தி வாசலிலேயே நின்று கத்துவார், போக மாட்டார். சத்தமில்லாமல் வேறு வீட்டில் பெண் பார்க்கிறாரே, அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் சிமாண்டு என்ற மலை, நல்ல தரமான தாது. காட்டையும் மலையையும் குடைந்து 600 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் போட்டு 2025 கடைசியில் கப்பலேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சீனக் கம்பெனிகளின் பணம் அதில் நிறைய இருக்கிறது. கூடவே பங்கு வைத்திருப்பது யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் தாது வெட்டும் அதே ரியோ டின்டோ. பெண்ணின் தாய்மாமனே அடுத்த இடத்துக்குத் தரகு பேசப் போயிருக்கிறார். இதற்கும் முன்னால், 2022இலேயே தாது வாங்குவதற்கென்று சீன அரசு தனி நிறுவனம் ஒன்றை வைத்துவிட்டது. ஆளுக்கொரு விலை பேசிக்கொண்டிருந்த ஆலைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரியப்பா.

உங்களுக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த இதழின் பின்னட்டையில் ஏழு வருடம் ஒரே புடவைக்கடை விளம்பரம்தான் வந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அச்சுக்கூலியில் பாதி அதிலிருந்துதான். நான் இதே பக்கத்தில், தீபாவளித் தள்ளுபடி என்று முதல் நாள் விலையை ஏற்றி மறுநாள் இறக்குகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். பெயர் போடவில்லை. முதலாளி தொப்பி தனக்குத்தான் என்று எடுத்து மாட்டிக்கொண்டார், விளம்பரம் நின்றது. எட்டு மாதம் பின்னட்டையில் திருக்குறளும் சூரியகாந்திப் பூவும் போட்டேன். அட்டை அழகாக இருக்கிறதென்று மூன்று வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் இதழ் நடத்திப் பார்க்க வேண்டும். கிளினிக், டியூஷன் சென்டர், கார் வாஷ் என்று அலைந்து நாலு சின்ன விளம்பரம் பிடித்தேன், அதில் இரண்டு பேர் இன்னும் பணம் தரவில்லை.

சீனா பார்லி வரியை 2023 ஆகஸ்டில் எடுத்தது, ஒயினுக்கு 2024 மார்ச்சில். நம் புடவைக்கடையும் போன மாதம் ஆள் அனுப்பியது, பழைய விலையில் முக்கால்வாசி தருவதாக. பின்னட்டை வேண்டாமாம், கேள்வி-பதிலுக்கு எதிர்ப்பக்கம்தான் வேண்டுமாம், 'எல்லாரும் அதைத்தானே படிக்கிறாங்க' என்றாராம் முதலாளி. கொடுத்துவிட்டேன். வலது பக்கம் பாருங்கள், பட்டுச்சேலை, 40 விழுக்காடு தள்ளுபடி.