பிறந்தநாள் கொடையும் பாட்டியின் மஞ்சள் பையும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மகளின் பத்தாவது பிறந்தநாளை ஒட்டி, பெற்றோரை இழந்த இரண்டு கிராமத்துக் குழந்தைகளின் படிப்புச் செலவை ஏற்க விரும்புகிறோம். இல்லத்துக்குக் கொடுப்பதா, குழந்தைக்கே கொடுப்பதா? நல்ல இல்லம் ஒன்றைச் சொல்ல முடியுமா? வரிவிலக்கு உண்டா? அந்தக் குழந்தைகள் மாதம் ஒரு கடிதமும் புகைப்படமும் அனுப்பினால் என் மகளுக்கும் வாழ்க்கை புரியும்.

கே.

அன்புள்ள கே.,

கொடுக்கத் தோன்றியதே நல்ல மனம். மகளுக்கு என் ஆசி. வரிவிலக்கை ஆடிட்டரிடம் கேளுங்கள். இல்லத்தின் பெயர் எதையும் சொல்லமாட்டேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். பெறாத இடத்தின் வாசலை மிதிக்காதீர்கள்.

அந்தக் கடித யோசனையை மட்டும் இன்றே கைவிடுங்கள். தாயை இழந்த பிள்ளை, முகம் தெரியாத வீட்டுக்கு மாதாமாதம் நன்றி எழுதித்தான் படிக்க வேண்டுமா? உங்கள் மகளுக்கு வாழ்க்கை புரிவதற்கு ஊரார் பிள்ளையின் துக்கமா கிடைத்தது? புகைப்படமும் வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எங்கள் கரிசல் காட்டு ஊரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். சில மாதங்களாக அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. அடுத்த தெருவில் கரிமூட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு பாட்டி. மருமகன் விபத்தில் போனான், மகள் காய்ச்சலில் போனாள். பேரப்பிள்ளைகள் இருவரையும் எங்காவது இல்லத்தில் விட்டுவிடப் பாட்டி கிளம்பிவிட்டாள். தபால்காரர்தான் தடுத்தார். மஞ்சள் பையைத் திண்ணையில் கொட்டச் சொல்லி ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். மகளின் இறப்பு பதிவாகவே இல்லை. 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்று இழவு வீட்டில் யார் சொல்வது? ஓராண்டு கடந்துவிட்டதால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். ஆதாரில் மருமகன் முத்துராஜ், ரேஷன் கார்டில் முத்துராசு. அதைத் திருத்த ஒரு நடை. பிள்ளைகளின் சாதிச் சான்றுக்கு ஒரு நடை, வங்கிக் கணக்குக்கு இன்னொரு நடை. ஒவ்வொரு நடையும் பாட்டிக்கு ஒரு நாள் கூலி. அவளுடைய பஸ் டிக்கெட்டையும் அவரே எடுத்தார்.

பணம் இல்லையென்றா நினைக்கிறீர்கள்? காமராஜர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவுபடுத்திய மதிய உணவு இருக்கிறது. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் இருக்கிறது. பாடநூல், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்கு உறவினர் வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உண்டு. மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று இருப்பதே பாட்டிக்குத் தெரியாது. நாமோ ஜூன் மாதம் வந்தால் நோட்டும் பேனாவும் அள்ளிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திக் கொடுக்கிறோம். அந்த வீட்டில் போன வருட நோட்டே பிரிக்காமல் கிடந்தது!

இல்லமா, குழந்தையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ, பாட்டியோ உயிரோடுதான் இருக்கிறார்கள். சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் விட்டுப் போனவர்கள். யாருமே இல்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பாட்டி இருக்கும் பிள்ளையைப் பாட்டியிடமிருந்து பிரித்துவிட்டு, அதற்கு மாதம் இவ்வளவு என்று நீங்கள் அனுப்புவது என்ன தருமம்?

ஆகவே உங்கள் பணத்தை இப்படி அலைகிறவர்களின் பஸ் செலவுக்கும், பாட்டிகள் இழக்கும் கூலிக்கும் கொடுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரியில் சேரும் மாதம் கையில் காசில்லாமல் தவிக்கும், அப்போதும் கொடுங்கள். ரசீதில் உங்கள் பெயர் வராது.

மே மாதம் ஊருக்கு வருவீர்கள் அல்லவா? மகளை அழைத்துக்கொண்டு, இப்படி ஒரு பாட்டியோடு தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் போய் நில்லுங்கள். ஜெராக்ஸ் கடை தாமதமாகத்தான் திறக்கும். எல்லாவற்றிலும் நான்கு நகல் முந்தின நாளே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.