16, 17 வயதுப் பையன்கள் கொலை மாதிரி கொடிய குற்றம் செய்தால், பெரியவர்களைப் போலவே விசாரித்துத் தண்டிக்கலாமா?

கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் நான் நடுநிலையான ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி வழக்கில் சிக்கிய ஒரு பையனுக்கு நான் தாய்மாமன்.

எங்களுக்குக் குடியாத்தம். சில வருடங்களுக்கு முன் வைகாசியில், கெங்கையம்மன் திருவிழா முடிந்த மறுநாள் ராத்திரி, இரண்டு தெருப் பையன்களுக்குள் தகராறு. அக்கா மகனுக்கு 17 நடந்துகொண்டிருந்தது. யாரோ கையில் கொடுத்த கத்தியை வாங்கி எதிரில் நின்றவன் வயிற்றில் குத்திவிட்டான். குத்துப்பட்டவனை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஆபரேஷன் நடந்து பிழைத்துக்கொண்டான். ஈரலில் படாததால்தான் உயிர் தங்கியது என்றார்கள்.

எங்கள் வக்கீல் அன்றைக்குச் சொன்ன கணக்கு இன்னும் என் மண்டையை விட்டுப் போகவில்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது கொடிய குற்றம், அதில்தான் 16 முடிந்தவனைப் பெரியவனாக விசாரிக்க வழி இருக்கிறது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று சொல்லாத குற்றங்கள் அதில் சேராது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது. கொலை முயற்சி அப்படிப்பட்டது, அதனால் இவனைச் சிறுவனாகத்தான் விசாரிப்பார்கள்.

சரி, அந்தப் பையன் செத்திருந்தால்? கொலை வழக்கு. இவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று, சிறுவர் வழக்குகளைப் பார்க்கிற இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பீடு செய்ய உட்கார்ந்திருக்கும். அதே பையன், அதே கத்தி, அதே ராத்திரி. இவன் மனசு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்ற கேள்வியே, கத்தி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைப் பொறுத்துத்தான் வருகிறது என்றால் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்?

அந்த மதிப்பீட்டில் முக்கியமாகப் பார்ப்பது, செய்ததின் விளைவு அவனுக்குப் புரியுமா என்று. புரியத்தான் செய்யும். நானே அவனை அறைந்து கேட்டேன், குத்தினால் சாவான் என்று தெரியாதா என்று. "தெரியும் மாமா. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க, என்னால பின்வாங்க முடியல" என்றான். அந்த வயசில் குறைவது அறிவு இல்லை, கூட்டத்தின் முன்னால் கத்தியைக் கீழே போடுகிற தைரியம். அதை மூன்று மாதத்துக்குள் பேசிப் பார்த்து எப்படி அளப்பார்கள்? மனநல வல்லுநர் துணை வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது நல்லதுதான், ஆனாலும் குற்றம் நடந்த அந்த நிமிஷத்துக்குள் எந்த வல்லுநராலும் திரும்பிப் போக முடியாதே.

கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. 2012 டெல்லி நிர்பயா கூட்டுப் பலாத்காரக் கொலையில் சிக்கிய 17 வயதுக்காரனுக்கு வெறும் 3 வருடமா என்று நானும் கத்தியவன். அவன் 2015 டிசம்பரில் வெளியே வந்த இரண்டு நாளில் ராஜ்யசபாவில் இந்தச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசே அமைத்த வர்மா கமிட்டி, 18 வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது.

பெரியவனாக விசாரித்தாலும் 21 வயது வரை பாதுகாப்பு இல்லத்தில்தான் வைக்க வேண்டும், பிறகு ஆள் திருந்தியிருக்கிறானா என்று பார்த்து, விடலாம் அல்லது சிறைக்கு மாற்றலாம். வேலூரில் இரண்டுமே இருக்கிறது, காகிதப்பட்டறையில் இல்லம், தொரப்பாடியில் மத்தியச் சிறை. டவுன் பஸ்ஸில் போகிற தூரம். ஆனால் 21 வயதில் இங்கிருந்து அங்கே போகிறவன் யாரோடு படுத்து எழுந்து, யார் பேச்சைக் கேட்டு 30 வயதைத் தொடுவான்? என் பயமெல்லாம் அதுதான்.

எங்கள் பையன் குற்றம் செய்த சிறுவர்களை வைத்திருக்கிற சிறப்பு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தான். இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான். குத்துப்பட்ட பையனால் இன்றைக்கும் கனமாக எதையும் தூக்க முடியாது. சட்டம் எங்களுக்குக் காட்டிய வழியில் பாதிகூட அந்த வீட்டுக்குக் காட்டவில்லை, இதில் எனக்கு ரொம்பவே வருத்தம். பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போடலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் போய்ச் சொன்னேன். அந்த அம்மா வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. மனுப் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.