ஒளியை முந்தும் குமிழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்று படித்திருக்கிறேன். ஆனால் வெளியையே வளைத்துப் போகும் 'வார்ப் டிரைவ்' கணிதப்படி நிரூபிக்கப்பட்டுவிட்டது என்கிறான் என் நண்பன். அப்படியானால் அதைச் செய்ய என்னதான் தடை?
க., மேலூர்

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் குறிப்பிடுவது மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியரே 1994இல் எழுதிய கட்டுரையை. கப்பலுக்கு முன்னால் வெளி சுருங்குகிறது, பின்னால் விரிகிறது, நடுவே ஒரு குமிழி. தை மாதம் வண்டியூர் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மைய மண்டபத்தைச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். சுவாமி அசைவதில்லை, தெப்பம்தான் நகர்கிறது. கப்பலும் அப்படித்தான். வேக வரம்பு வெளிக்குள் ஓடும் பொருளுக்கே. வெளியின் விரிவுக்கு அது பொருந்தாது.

இதுவரை சரி. ஆனால் இதை நிரூபணம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வழக்கமாக ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் பொருளைக் கொடுத்து வளைவைக் கணக்கிடுவார்கள். அல்குபியரே தலைகீழாகப் போனார். வேண்டிய வளைவை எழுதிவைத்துவிட்டு, இதற்கு என்ன பொருள் தேவை என்று கேட்டார். அப்படிக் கேட்டால் எந்த வளைவுக்கும் சமன்பாடு ஒரு விடை தந்துவிடும். அந்தப் பொருள் உலகில் உண்டா என்பது அதன் கவலை இல்லை. இங்கே வந்த விடை, எதிர்மறை ஆற்றல் அடர்த்தி, அதாவது வெற்று வெளியில் இருப்பதைவிடவும் குறைவான ஆற்றல். மிக நெருக்கமாக வைத்த இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே துளியளவு அது உண்டு. காசிமிர் விளைவு என்பார்கள். இது எவ்வளவு தேவை என்று 1997இல் இயற்பியலாளர்கள் பிஃபென்னிங்கும் ஃபோர்டும் கணக்குப் போட்டபோது, 100 மீட்டர் ஆரமுள்ள குமிழிக்கே காணக்கூடிய பிரபஞ்சத்தின் மொத்த நிறையும் போதவில்லை. 1999இல் வான் டென் புரூக் என்ற இயற்பியலாளர் குமிழியின் வடிவத்தை மாற்றி, அந்தத் தேவையைச் சில சூரியன்களின் நிறைக்கு இறக்கினார். சிக்கனம்தான்!

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் சிக்கல் ஒன்று உண்டு. குமிழி ஒளியை முந்தியதும், கப்பலிலிருந்து அனுப்பும் எந்தச் சைகையும் அதன் முன்சுவரை எட்டாது. உள்ளே இருப்பவரால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. தெப்பத்துக்கு வடம் பிடிப்பவர்கள் கரையில் நிற்பதைப் போல, இதற்கும் வழிநெடுக யாராவது முன்பே போய் ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். அவர்கள் போவது எதில்? சாதாரண விண்கலத்தில்தான். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிப் போனாலும், வேலையாட்கள் அங்கே போய்ச் சேரவே நம் கணக்கில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும்.

எதிர்மறை ஆற்றலே வேண்டாத குமிழி என்று 2021இல் வந்த செய்தியை நண்பர் அடுத்துக் காட்டக்கூடும். போப்ரிக், மார்ட்டைர் இருவரும் எழுதிய கட்டுரை என்றால், அந்தக் குமிழி ஒளியைவிட மெதுவாகப் போவது. நல்ல கட்டுரைதான், ஆனால் உங்கள் நண்பரின் அவசரத்துக்கு உதவாது.