உயரத்தில் வேலை, கீழே ஆள்: வாசகர் கேள்வி – பதில்

எட்டாவது மாடியில் சாரம் கட்டி வேலை நடக்கிறது. கீழே எல்லோரும் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள். ஆள் விழுந்தால் தாங்க வலையும் கட்டியாகிவிட்டது. மேலிருந்து பொருள் விழுந்து யாருக்கும் அடிபடாமல் இருக்க இதற்கு மேலும் ஏதாவது செய்ய வேண்டுமா?
– கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்

வேண்டும். முதலில் ஹெல்மெட்டைப் பார்ப்போம். ஈ.என். 397 என்ற ஐரோப்பிய ஹெல்மெட் தரத்தின்படி, 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட் மேல் போட்டுச் சோதிப்பார்கள். அந்த அடியின் ஆற்றல் 49 ஜூல். அரைக் கிலோ சுத்தியல் 10 மீட்டரிலிருந்து விழுந்தாலே அதே 49 ஜூல் வந்துவிடும். எட்டாவது மாடியை 24 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 118 ஜூல், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர். விழ ஆகும் நேரம் 2 வினாடிக்குக் கொஞ்சம் கூட. மேலேயிருந்து கத்தினால், கீழே இருப்பவர் என்ன என்று நிமிர்ந்து பார்ப்பார். அடி முகத்தில் விழும்.

ஆளைத் தாங்கும் வலையின் கண் 10 செ.மீ. வரை இருக்கும். ஸ்பேனரும் போல்ட்டும் அதில் நிற்காது. அதன்மேல் பொடிக்கண் வலையை விரித்துக் கட்டுங்கள். சாரத்தைச் சுற்றிக் கட்டும் பச்சை வலை சாந்துத் துணுக்கை நிறுத்தும். ஆனால் செங்கல்லையும் நிறுத்தும் என்று நம்ப வேண்டாம்.

பொருள் பலகையை விட்டு வெளியே போகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. சாரத்தின் ஓரத்தில் 15 செ.மீ. உயரத்துக்குக் கால்தடுப்புப் பலகை அடியுங்கள். அதற்கும் நடைபலகைக்கும் நடுவே 6 மி.மீ.க்கு மேல் சந்து இருந்தால் நட்டு உருண்டு போய்விடும். செங்கல்லைத் தடுப்புக்கு மேலே அடுக்குவதாக இருந்தால், கைப்பிடிக் குழாய் வரை கம்பிவலை கட்டியே ஆக வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் அடைத்துவிட்டு, சாரத்துக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். பூச்சு வேலையின்போது கரணையும் ரசமட்டமும் நழுவுவது அந்தப் பக்கம்தான்.

சுத்தியலைக் கட்டுக்கம்பியால் இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொள்கிறேன். போதுமா?
– சென்ட்ரிங் தொழிலாளி ஒருவர்

போதாது. கட்டுக்கம்பி இழுத்தால் நீண்டு கொடுக்காது. மடங்கி மடங்கி ஒரே இடத்தில் இற்றுப்போகும், ஒரு வெட்டு இழுப்பில் அறுந்துவிடும். கருவிக்கென்றே செய்த, எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் நீளும் கயிற்றையும் பூட்டுள்ள கொக்கியையும் வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. கயிறு வேலைக்குத் தேவையான நீளம் மட்டும் இருக்கட்டும். நீளமாக விட்டால் கருவி ஊசலாடி முழங்காலில் அடிக்கும், விழும் தூரமும் கூடும்.

2.3 கிலோவுக்கு மேற்பட்ட கருவியை உடம்பில் மாட்டாதீர்கள். அது விழுந்தால் உங்களையும் சேர்த்து இழுக்கும். உறுதியான குழாயிலோ தூணிலோ மாட்டுங்கள். கயிறு மாட்டுவதற்காகக் கருவியில் நீங்களாகத் துளை போட வேண்டாம், பிடி பலமிழக்கும். மரப்பிடி சுத்தியலில் இன்னொன்றும் உண்டு: கயிறு பிடியைத்தான் பிடித்திருக்கும், தலை கழன்றால் அது தனியாகப் போகும். காலையில் தலையை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்தச் சுத்தியல் மேலே ஏறக் கூடாது.

கைமாற்றும்போதுதான் கருவி அதிகம் நழுவும். வாங்குபவர் தன் கொக்கியை மாட்டிய பிறகே கொடுப்பவர் தன் கொக்கியைக் கழற்ற வேண்டும். அதற்குக் கருவியில் இரண்டு வளையம் வேண்டும். சட்டைப் பையிலுள்ள செல்போனும் டேப்பும்கூட விழும் பொருள்தான்.

கீழே எவ்வளவு தூரம் மறிப்பது?

சாரத்துக்கு நேர் கீழே மட்டும் மறித்தால் பயனில்லை. விழும் பொருள் நடுவில் ஒரு குழாயில் பட்டால் பக்கவாட்டில் தெறிக்கும். உயரம் கூடக் கூட மறிப்பும் அகல வேண்டும். வெறும் ரிப்பன் கட்டினால் குனிந்து கடந்துவிடுவார்கள், திடமான தடுப்பு வையுங்கள். ஆட்கள் போய்வர வேண்டிய வாசலுக்கு மேல் பலகைக் கூரை போடுங்கள்.

கம்பியும் செங்கல்லும் மேலே ஏற்றும்போது சரிகிறதே?

கம்பிக்கட்டை நடுவில் ஒரே சுருக்குப் போட்டுத் தூக்கினால் ஒரு முனை சாயும், உள்ளிருக்கும் கம்பி உருவிக்கொண்டு வரும். இரண்டு இடத்தில், கம்பிக்கட்டு முழுவதையும் சுற்றிச் சுருக்குப் போடுங்கள். துண்டுக் கம்பிகளை மூடியுள்ள பெட்டியில் ஏற்றுங்கள். கூடையின் விளிம்புக்குக் கீழேயே செங்கல் நிற்கட்டும், மேலே வலை மூடட்டும். உடைசலை ஒருபோதும் வீசி எறியாதீர்கள். குழாய்ச் சரிவு வழியாக, மூடிய தொட்டிக்குள் இறக்குங்கள்.

வேலை முடிந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

பலகைகளைக் கூட்டுங்கள், துண்டு பிளைவுட்டைக் கட்டிவிட்டோ இறக்கிவிட்டோ போங்கள். இரவுக் காற்றில் பறப்பது அதுதான். சாரம் பிரிக்கும் நாளில் இன்னும் கவனம் வேண்டும்: பலகையைத் தூக்கும் முன் அதன் மேல் கிடக்கும் ஆணி, நட்டு, காய்ந்த சாந்துக் கட்டியை எல்லாம் பையில் அள்ளிவிடுங்கள். பலகை சாய்ந்த நொடியில் அத்தனையும் கீழே போகும்.