அடிப்படை உரிமை மனு என்றால் என்ன?

சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. அரசு அலுவலரின் செயலால் உங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டால், நேரே நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் முறையிடுவதுதான் இந்த மனு. இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகள் இந்த வழியைத் தருகின்றன.

ஏன் தனி வழி? திருகோணமலை மீன் சந்தையில் நிறையில் சந்தேகம் வந்தால், அதே தராசில் திரும்ப நிறுத்து என்ன பயன்? வேறு தராசு வேண்டும். அரசின் பிழையும் அப்படித்தான்.

எனக்குக் கவலை தருவது காலக்கெடு: உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரே மாதம். அரசின் முடிவைச் சொல்லும் கடிதம் வந்தால், அது கையில் கிடைத்த நாளை உறையிலேயே எழுதி வையுங்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது.

சரி, பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தினால்? அதற்கும் இந்த மனு போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது, அது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கு.