மதுரைக் கோட்டை எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

பெரியார் பேருந்து நிலையம் பக்கத்தில் நிற்கும் பழைய கட்டடத் துண்டு மதுரைக் கோட்டையின் மிச்சம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நம்பவே முடியவில்லை. திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் கோட்டை இருக்கிறது, மதுரையில் மட்டும் ஏன் இல்லை? வெள்ளைக்காரர்கள் பீரங்கி வைத்துத் தகர்த்துவிட்டார்களா? அதைத் திரும்பக் கட்டச் சொல்லி நாம் கேட்க வேண்டாமா?

கே., திருமங்கலம்

அன்புள்ள கே.,

நண்பர் சொன்னது சரிதான். ஆனால் பீரங்கியால் அந்தக் கோட்டை போகவில்லை.

பாண்டியர் காலத்துப் பழைய கோட்டையை எடுத்துவிட்டு, 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பெரிதாக ஒன்று கட்டினார். இரட்டை மதில், வெளியே அகழி, 72 கொத்தளங்கள். ஒவ்வொரு கொத்தளத்தையும் ஒரு பாளையக்காரர் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் பலம் என்னவென்று 1763இல் தெரிந்தது. கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, வேலை பார்த்த யூசுப் கான், அவர்களையே எதிர்த்துக்கொண்டு இந்தக் கோட்டைக்குள் உட்கார்ந்துவிட்டார். ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலப் படையும் சேர்ந்து முற்றுகையிட்டன. அந்த வருடம் மழைக்காலம் வந்ததும் திரும்பிப் போனார்கள். மறுவருடம் ஜூனில் சுவரை உடைத்து ஏறிப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் உள்ளே இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

பீரங்கிக்குப் பணியாத அந்த மதிலைக் கடப்பாரையும் மண்வெட்டியும்தான் இறக்கின. அந்த முற்றுகைக்கு முக்கால் நூற்றாண்டு கழித்து, 1840ஐ ஒட்டிய வருடங்களில் அது நடந்தது. அப்போது கலெக்டர் பிளாக்பர்ன். சண்டைக் காலம் முடிந்துவிட்டது. ஊரோ மதிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது, வளர இடமில்லை. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தையே மனையாகக் கொடுப்பது என்று அவர் ஒரு திட்டம் போட்டார். ஊர்க்காரர்கள் முன்வந்தார்கள். மதுரைக் கோட்டையை இடித்ததில் மதுரைக்காரர்களின் கையும் இருக்கிறது. இதைக் கேட்டு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. குடியிருக்க இடம் தேடிய ஜனங்கள் அவர்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அப்புறம் நடந்தது. அளவு எடுத்துத் தெரு பிரித்த சர்வே அதிகாரி மாரட். அவருக்குக் கீழே நின்று வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. மதிலும் அகழியும் இருந்த இடத்தில் உருவான தெருக்களுக்கு இந்த இரண்டு பேருடைய பெயரையும் வைத்தார்கள். கலெக்டருக்கு ஊரார் நன்றியோடு ஒரு விளக்குத்தூண் நட்டார்கள். இன்றைக்கு அந்த வட்டாரத்துக்கே விளக்குத்தூண் என்றுதான் பெயர். அங்கே துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குப் பிளாக்பர்னைத் தெரியும்? மேஸ்திரியின் பெயரை மட்டும் ஊர் தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. லாட்ஜ் போர்டில், கல்யாணப் பத்திரிகையில், கூரியர் கவரில். அரசர்களுக்கும் தலைவர்களுக்கும் தெரு வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. வேலை செய்த மேஸ்திரிக்குத் திசைக்கொரு வீதி கொடுத்த ஊர் எங்கள் ஊர். அதில் எனக்குப் பெரிய பெருமை.

வாசல்களும் அப்படித்தான். பஸ்ஸில் கண்டக்டர் "தெற்குவாசல் எறங்கு, கீழவாசல் எறங்கு" என்று கூவுகிறாரே, அங்கே இறங்கினால் எந்த வாசலும் இருக்காது. கோட்டை வாசல் இருந்த இடங்கள் அவை. நீங்கள் கேட்ட துண்டு மேலவாசல் பக்கத்து மிச்சம். இதைவிடப் பழையது ஒன்றும் நிற்கிறது. மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் விட்டவாசல், பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

திரும்பக் கட்டுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கட்டினாலும் அது புதுச் சுவர்தான். அதோடு அந்த இடத்தில் இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் பிழைக்கிறார்கள். இருக்கிற துண்டு கெடாமல் நின்றால் போதும். திருமலை நாயக்கர் மகாலுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆசிரியர்கள் அவர்களை இங்கேயும் ஐந்து நிமிடம் நிறுத்திக் காட்டலாம்.

அடுத்த முறை ரயிலில் வந்தால், ஸ்டேஷனுக்கு வெளியே மேலவெளி வீதியைத் தாண்டி டவுன்ஹால் ரோட்டில் கிழக்கே நடங்கள். முதலில் பெருமாள் மேஸ்திரி வீதி குறுக்கிடும், அப்புறம் மாரட் வீதி, அதன்பின் மாசி வீதி. வெளி வீதியிலிருந்து மாரட் வீதி வரைக்கும் நீங்கள் மிதிப்பது கோட்டை மதிலும் அகழியும் இருந்த நிலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்கும் முன் வந்தால் நின்று பார்க்கத் தோதாக இருக்கும்.