கிழக்கு ஜெர்மனியின் இசை நடத்துநர் குர்ட் மசூர் ஏன் அரசியல் வரலாற்றிலும் பேசப்படுகிறார்?

ஓர் இசை நடத்துநரை 1989இல் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிச ஆட்சியை அசைத்த மக்கள் புரட்சியோடு சேர்த்துப் பேசுவது மிகையல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேற்கத்திய இசையை நான் முறையாகப் பயின்றவன் அல்லன். பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகிய ரசிகன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். மிகை கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த ஆண்டில் அவர் பேசிய சில வரிகளுக்கு லைப்சிக் நகரமே செவிசாய்த்ததென்றால், அதற்கு முந்தைய 19 ஆண்டுகள் அதே நகரில் அவர் ஆற்றிய இசைப்பணிதான் காரணம் என்பது என் எண்ணம்.

மசூர் 1927 ஜூலை 18 அன்று, அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்த சிலேசியாவின் பிரீக் நகரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்தில் இருக்கிறது. இளமையில் மின்பணியாளர் வேலையும் கற்றவர். பியானோக் கலைஞராகும் ஆசைக்கு வலக்கைச் சுண்டுவிரல் குறுக்கே வந்தது. அதன் தசைநாணில் இருந்த கோளாற்றை அறுவைச் சிகிச்சையாலும் சரிசெய்ய இயலாது என்று பதின்ம வயதிலேயே தெரிந்துவிட்டது. போர் முடிந்தபின் 1946இல் லைப்சிக் இசைக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் வெளியேறி, நாடக அரங்குகளில் தொழிலைக் கற்றார். பிற்காலக் காணொளிகளில் அவர் பெரும்பாலும் கோல் இல்லாமல் வெறுங்கைகளால் நடத்துவதைப் பார்க்கலாம்: தாளம் காட்டும் கை என்பதைவிட, மாவைப் பிசைந்து உருட்டும் கை என்றே எனக்குத் தோன்றும்.

டிரெஸ்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு, கிழக்கு பெர்லினில் இயக்குநர் வால்டர் பெல்சன்ஸ்டைனின் கோமிஷே ஓப்பர் என்ற இசைநாடக அரங்கு ஆகியவற்றில் பணியாற்றிய பிறகு, 1970இல் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைமையேற்றார். இது அரசர் அவையில் பிறந்த குழு அன்று. 1743இல் நகர வணிகர்கள் தொடங்கியது, பின்னர் துணி வணிகர் மண்டபத்தில் கச்சேரி நடத்தியதால் அந்த மண்டபத்தின் பெயரே குழுவுக்கும் நிலைத்துவிட்டது. 1835இல் இசையமைப்பாளர் மெண்டெல்சோன் அமர்ந்த பதவி இது. குழுவின் இரண்டாவது அரங்கம் போரில் குண்டுவீச்சுக்கு இரையாகி, எஞ்சிய சுவர்களும் 1968இல் இடிக்கப்பட்டிருந்தன. நாட்டுத் தலைவர் ஹோனெக்கர் வரை பேசி, சிமெண்டுக்கும் தட்டுப்பாடு நிலவிய ஒரு நாட்டில் புதிய அரங்கத்தை எழுப்ப வைத்தவர்களில் முதன்மையானவர் மசூர். 1981 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. உள்ளே ரோமானியத் தத்துவஞானி செனெகாவின் வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. மெய்யான மகிழ்ச்சி விளையாட்டுக் காரியமன்று என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். சிரிக்காத முகத்தோடு ஒத்திகை நடத்திய மசூருக்கு அது பொருத்தமான வாசகந்தான்.

அவரைக் கேட்க விரும்புவோர் மெண்டெல்சோனின் ஸ்காட்டிஷ் சிம்பொனியிலிருந்து தொடங்கலாம். 1842இல் இதே குழு முதன்முதலில் அரங்கேற்றிய படைப்பு அது. தொடக்கத்தில் ஓபோ என்னும் ஊதுகருவிகளும் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்களும் சேர்ந்து எடுக்கும் அந்தத் துயர மெட்டைப் பலர் இழுத்து இழுத்து மூடுபனி ஆக்குவார்கள். மசூரோ நடந்துபோகிறவர் தமக்குள் முணுமுணுப்பதைப் போல நகர்த்திச் செல்கிறார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக மெண்டெல்சோனின் சிலையை 1936இல் நாஜிகள் அகற்றிய ஊரில், அவர் இசையை விடாமல் வாசித்ததோடு, அவர் வாழ்ந்த வீட்டை மீட்டு அருங்காட்சியகமாக்கவும் மசூர் முன்னின்றார்.

இனி 1989க்கு வருகிறேன். அந்தக் கோடையில் லைப்சிக் காவல்துறை தெருப்பாடகர்களைப் பிடித்துச் சென்றபோது, மசூர் அவர்களையும் அதிகாரிகளையும் கெவாண்ட்ஹவுசுக்கே அழைத்து நேருக்குநேர் பேசவைத்தார். அக்டோபர் 9, திங்கட்கிழமை, நிக்கோலாய் தேவாலயத்தின் அமைதி வழிபாட்டுக்குப் பின் அரசிடம் மாற்றம் கோரும் பெரும் ஊர்வலம் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேவைப்பட்டால் ஆயுதமேந்தியும் தடுப்போம் என்று தொழிலாளர் படைத் தளபதி ஒருவரின் பெயரில் மூன்று நாள் முன்னர் உள்ளூர்ச் செய்தித்தாளில் கடிதம் வந்திருந்தது; சீனாவின் தியானென்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் சுட்டு ஒடுக்கி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அன்று பிற்பகல் மசூர், ஓர் இறையியலாளர், ஒரு நகைச்சுவை மேடைக் கலைஞர், ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளர்கள் மூவர் என ஆறு பேர் கூடி ஒரு வேண்டுகோளை எழுதினார்கள். மாலையில் நகரத் தெருக்களின் ஒலிபெருக்கிகளில் அதை வாசித்தது மசூரின் குரல். கருத்துப் பரிமாற்றம் வேண்டும், நிதானம் காக்க வேண்டும், அப்போதுதான் அமைதியான உரையாடல் கைகூடும் என்பதே அதன் சாரம். சுமார் 70,000 பேர் நகரை வளைத்த வட்டச் சாலையில் நடந்தார்கள்; ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது.

மிகை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். மசூர் எதிர்ப்பாளர் அல்லர். அரசின் விருதுகளைப் பெற்றவர், வெளிநாடு செல்லும் சலுகை இருந்தவர். அந்த வேண்டுகோளிலும் சோசலிசத்தைத் தொடர்வது பற்றித்தான் பேசப்பட்டது, சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தெருவில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் பெயர் தெரியாத அந்த எழுபதாயிரம் பேர்தான். ஆனால் கட்சிச் செயலாளர் எவராவது அந்த வேண்டுகோளை வாசித்திருந்தால் சூழ்ச்சி என்றே மக்கள் எண்ணியிருப்பார்கள். தேவாலயத்திலிருந்து வந்திருந்தால் காவல்துறை மதித்திருக்காது. இரு தரப்பும் சந்தேகிக்காத குரலாக அவருடைய குரல் இருந்தது.

பின்னர் குடியரசுத் தலைவர் பதவிக்கே அவர் பெயர் அடிபட்டது. அவர் இசையைவிட்டு நகரவில்லை. 1991இல் நம் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தாவுக்கு அடுத்து நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். நிர்வாகத்தோடு உரசல்கள் இருந்தாலும், தளர்ந்திருந்த குழுவின் ஒலியை இறுக்கிக் கட்டினார் என்று விமர்சகர்கள் எழுதினர். 2002இல் விலகியபின் லண்டனிலும் பாரிசிலும் தலைமை வகித்தார். 2012இல் பார்க்கின்சன் நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். 2015 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவில் காலமானார். லைப்சிக்கில் அடக்கம் செய்யப்பட்டார்.

நியூயார்க் ஆண்டுகளில் ஓர் இரவை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த ஒன்பதாம் நாள், 2001 செப்டம்பர் 20 அன்று, ஆண்டுத் தொடக்க விழா நிகழ்ச்சியைக் கைவிட்டு, இசையமைப்பாளர் பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ என்ற இரங்கல் இசைப்படைப்பை நடத்தினார். ஏழு பகுதிகளும் சேர்ந்த முழு வடிவில் அந்தப் படைப்பு முதன்முதலில் ஒலித்தது 1869இல், லைப்சிக் கெவாண்ட்ஹவுசில். கைதட்ட வேண்டாம் என்று அன்று முன்னரே கேட்டுக்கொள்ளப்பட்டிருந்ததால், கடைசி ஸ்வரம் அடங்கியபின் அரங்கு அமைதியாகக் கலைந்தது.